உள்மடிப்பைப் புரட்டிப் பாருங்கள்

புதுச்சேரியின் கடலோர வைத்திக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம், காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டுக்கு. அங்கே தார்ப்பாய் விரித்துக் குவித்திருக்கும் துணிகளில் மூன்று ரகம் உண்டு: புதுத்துணி, திருப்பூர் ஏற்றுமதியில் கழிந்த ‘செகண்ட்ஸ்’, யாரோ உடுத்திக் கழித்த பழைய துணி. முதல் இரண்டையும் வாங்குவதில் பெரும்பாலோருக்குத் தயக்கமில்லை. மூன்றாவதைக் கையில் எடுத்ததும் ‘இது எத்தனை நாள் தாங்கும்?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேள்வி சரியானதுதான், ஆனால் அதைப் புதுத்துணியிடமே முதலில் கேட்டிருக்க வேண்டும். புதுத்துணி இன்னும் துவைக்கல்லையும் வெயிலையும் வியர்வையையும் பார்க்கவில்லை. அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை விற்கிறவர் சொல்லை நம்பித்தான் முடிவு செய்கிறோம். பழைய துணி இவை எல்லாவற்றையும் கடந்து வந்திருக்கிறது. கடந்ததன் தடயம் முழுதும் அதன் மேலேயே இருக்கிறது. எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரிந்தால், ஒரு துணியின் தரத்தைப் புதிதாக இருக்கும்போது கணிப்பதைவிடப் பழையதான பிறகு கணிப்பதே எளிது.

இது விநோதமான வாதமாகத் தோன்றினால், ஆலையிலிருந்து வரும் துணியின்மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மொரமொரப்புக்குக் கஞ்சி, வழவழப்புக்குச் சிலிகான் கலந்த மென்மையூட்டி, பளபளப்புக்குச் சூடான உருளைகளின் அழுத்தம். இவற்றில் பெரும்பகுதி சில சலவைகளிலேயே போய்விடும். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்றபோது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மெல்லிய துணியில் சீனக்களிமண்ணும் மாவும் ஏற்றி எடை கூட்டின. முதல் சலவையில் களிமண் கரைந்ததும் வாங்கியவர் கையில் சல்லடைதான் மிஞ்சியது. துணியை ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பதில் புதுச்சேரிக்கே ஒரு பழைய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ‘கினே’ என்ற அவுரி தோய்த்த நீலப் பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குக் கப்பலேறியது. செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் விற்ற வணிகர்கள் அதைப் பணம்போல் எண்ணி வாங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து மலிவான போலிகள் போனபோதும், தொட்டும் முகர்ந்தும் மினுமினுப்பைப் பார்த்தும் தேர்ந்த அவர்கள் புதுச்சேரிச் சரக்கையே கேட்டார்கள். லேபிள் இல்லாத காலத்தில் கை, மூக்கு, கண் மூன்றையும் வைத்துக்கொண்டே தரம் பிரிக்க முடிந்தது. பழைய துணியிலும் லேபிள் பெரும்பாலும் கத்தரித்தோ அழிந்தோ போயிருக்கும். அதே மூன்று கருவிகள்தான் நமக்கும்.

கருவி இருந்தால் போதாது, ஒப்பிடுவதற்கு ஒன்று வேண்டும். சாயம் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும் ஆய்வுக்கூடங்கள் ஒரே துணியில் இரண்டு துண்டு எடுக்கும். ஒன்றைச் சோதனைக்கு உள்ளாக்கி, மற்றதை அப்படியே வைத்திருந்து, இரண்டையும் அருகருகே கிடத்தி, சாம்பல் நிற அளவு அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். மாற்றமே தெரியாவிட்டால் 5. தொடாமல் வைத்த துண்டு இல்லையென்றால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. பழைய உடையில் அந்தத் துண்டுக்கு எங்கே போவது? தையற்காரரே அதை உள்ளே மடித்து வைத்திருக்கிறார். சட்டையின் பக்கவாட்டுத் தையலை உள்பக்கமாகப் புரட்டினால் பிடித்துத் தைத்த அரை அங்குலத் துணி தெரியும். அது சட்டையோடு சேர்ந்து அத்தனை முறையும் துவைபட்டிருக்கும். ஆனால் வெயிலோ உராய்வோ அதை அதிகம் தொட்டிருக்காது. புடவையில் இந்த வேலையை ஃபால்ஸ் செய்கிறது: அதன் ஓரத்தைச் சற்றே தூக்கினால், ஃபால்ஸ் மூடியிருந்த புடவைத் துணி வெயிலும் உராய்வும் அதிகம் படாத நிலையில் இருக்கும். இப்போது உள்ளையும் வெளியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரேயளவு வெளுத்திருந்தால் சாயம் சலவைக்கே நிற்காதது, இனிமேலும் போகும். உள்ளே அடர்ந்தும் வெளியே வெளிறியும் இருந்தால், குற்றவாளி வெயில். இது முதலாவதைவிடக் கவலைக்குரியது. சாயத்தைச் சிதைக்கும் புற ஊதாக் கதிர் இழையையும் விட்டுவைப்பதில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவும் அடர்த்தியாகவும் இருந்தால், நல்ல சாயமிட்ட துணி உங்கள் கையில் இருக்கிறது. எந்தப் புதுத்துணிக் கடையிலும் இந்தச் சான்று கிடைக்காது.

தேய்மானம் உடை முழுதும் சமமாகப் பரவுவதில்லை என்பதும் வாங்குகிறவருக்குச் சாதகமான செய்தி. மார்ட்டிண்டேல் என்ற ஆய்வுக்கூடக் கருவி துணியைக் கம்பளித் துணியின்மேல் அழுத்தி வட்டமும் சுழலுமாகத் தேய்க்கும். நெய்த துணியில் இரண்டு இழை அறும்போது சோதனை முடிந்தது என்று கணக்கு. மனித உடம்பு அதே வேலையைச் சில குறிப்பிட்ட இடங்களில் செய்கிறது. சட்டையில் காலர் மடிப்பின் விளிம்பு, கைப்பட்டி ஓரம், முழங்கை. பேண்ட்டில் தொடையிடுக்கு, உட்காரும் இடம். புடவையில் தரையோடு உரசும் கீழ்க்கரை, தோளில் ஊக்கு குத்துமிடம். மடிப்பு விளிம்பில் உராய்வோடு வளைவும் சேர்வதால் காலர் எப்போதும் முதலில் நையும். ஆகவே சட்டையின் முதுகைத் தடவிப் பார்த்து மயங்குவதில் பயனில்லை. முதுகு கடைசியாகத்தான் போகும். துணியை வானத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முழங்கைப் பகுதியையும் மேல்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், பாவும் ஊடையும் எங்கே மெலிந்து வெளிச்சம் கூடுதலாகக் கசிகிறது என்று தெரியும். முக்கியமான இடங்களில் வேறுபாடு தெரியாவிட்டால், அந்த உடை இன்னும் தன் ஆயுளின் முன்பாதியில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். காலர் மட்டும் நைந்து மற்றதெல்லாம் திடமாக இருந்தால் அதுவும் நல்ல சரக்கே. காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துத் தருவது தையற்காரருக்குத் தெரிந்த வேலை.

கண்ணுக்குத் தெரியும் தேய்மானத்தைவிடத் தெரியாத சிதைவே ஆபத்தானது. பருத்தி என்பது செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. பிளீச்சிங் பவுடரோ அமிலமோ கடும் வெயிலோ சங்கிலியை இடையிடையே அறுத்துவிட்டால், துணி பார்வைக்கு வெள்ளைவெளேர் என்று இருந்தபடியே உள்ளுக்குள் இற்றுப்போகும். கடலோரத்தில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. மாசி மகத் தீர்த்தவாரிக்கு உற்சவ மூர்த்திகள் வந்து இறங்கும் வைத்திக்குப்பம் போன்ற கரையில், காற்றிலேயே உப்பு மிதக்கிறது. சாப்பாட்டு உப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்தில்தான் காற்றின் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும்; கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். அதனால் உப்புக்காற்றில் காய்ந்த துணி எத்தனை உலர்த்தினாலும் லேசாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பைக் குறையாக எண்ண வேண்டாம். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போய்விடும். கவனிக்க வேண்டியது அந்த ஈரம் கொக்கியையும் ஜிப்பையும் பட்டனின் உலோகத்தையும் என்ன செய்தது என்பதை. துருவிலுள்ள இரும்பு, செல்லுலோஸ் ஆக்சிஜனோடு வினைபுரிவதைத் தூண்டிவிடும். இன்று பழுப்புப் புள்ளியாக இருப்பது நாளடைவில் ஓட்டையாகிவிடும். ரவிக்கைக் கொக்கியைச் சுற்றிய கறையை அழுக்கென்று நினைத்து வாங்கக் கூடாது. இற்ற துணியைக் கண்டுபிடிக்க, சந்தேகப்பட்ட இடத்தில் இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே துணியைப் பிடித்து, பாவுவாக்கில் ஒருமுறை, ஊடைவாக்கில் ஒருமுறை அளவாக இழுங்கள். நல்ல துணி எதிர்த்து நிற்கும். இற்ற துணி ‘பிர்’ரென்று இழைவிடும் சத்தத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த இழை என்பதைப் பொறுத்து எதைத் தேட வேண்டும் என்பதும் மாறும். நனைந்தால் பருத்தியின் வலிமை 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுகிறது. விஸ்கோஸ் ரேயானின் வலிமையோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. ரேயான் குர்த்தியும் நைட்டியும் ஒவ்வொரு சலவையிலும் தங்கள் மிகப் பலவீனமான நேரத்தில் அடித்துப் பிழியப்படுகின்றன. ஆகவே ஒரே வயதுள்ள பருத்தியும் ரேயானும் எதிரே கிடந்தால், தொட்டதும் ரேயான் குளுமையாகக் குழைந்தாலும், கை பருத்திப் பக்கம் போவதே புத்திசாலித்தனம். பனியன் துணியில் பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால், நூலின் முறுக்கு சரியாக அடங்காத பின்னல் அது. அயர்ன் செய்தாலும் நேராகாது. பாலியெஸ்டர் கலந்த துணியில் சிறு பஞ்சுப் பந்துகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பருத்தியிலும் அவை எழும், ஆனால் பலவீனமான இழை அறுந்து தானே உதிரும். பாலியெஸ்டர் இழை வலுவானது என்பதால் பந்தை விடாது. அதாவது பந்து நிறைந்த துணி கிழியப்போகும் துணி என்று அர்த்தமில்லை. அழகு கெட்டது, ஆயுள் கெடவில்லை. லைக்ரா கலந்த துணியை நீட்டி விட்டுப் பாருங்கள். உடனே பழைய அளவுக்குச் சுருங்காமல் தொளதொளவென்று நின்றால், சூடோ குளோரினோ அதன் மீள்தன்மையைத் தின்றுவிட்டது. எதைச் செய்தாலும் திரும்பாது. பட்டு வெளிச்சத்துக்கு மிக எளிதில் இரையாகும். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் பெட்டிக்குள் கிடந்தாலும் அந்த மடிப்புக்கோட்டிலேயே இழை முறியும். பழைய பட்டுப்புடவையை முந்தியைப் பார்த்து விலை பேசாமல், முழுதும் பிரித்து மடிப்புத் தழும்புகளை வெளிச்சத்தில் பார்த்தே பேச வேண்டும்.

தையல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தைத்தவர் எங்கே மிச்சம் பிடித்தார் என்று பார்த்தால் துணியை வாங்கியவர் எங்கே மிச்சம் பிடித்திருப்பார் என்பதும் தெரிந்துவிடும். காஜா நெருக்கமாக இருக்கிறதா, கோடுகள் தோள்பட்டைத் தையலில் ஒன்றோடொன்று சந்திக்கின்றனவா, உள்மடிப்பில் துணி தாராளமாக விட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். கடைசிக் கேள்விக்குக் கூடுதல் மதிப்பு உண்டு: உள்ளே துணி இருந்தால்தான் பிரித்துவிட்டு அளவு கூட்ட முடியும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது மூக்கிலிருந்து வருவது: நாற்றமும் நோயும். நாற்றத்திலும் தகவல் இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்களுடைய டி-ஷர்ட்டுகளை மறுநாள் முகர்ந்து பார்த்தார்கள். பாலியெஸ்டர் சட்டைகளே பருத்தியைவிட மோசமாக நாறின. வாடையைக் கிளப்பும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா அதில்தான் செழித்தது. வியர்வை நாற்றம் ஊறிய பாலியெஸ்டரைத் தவிர்த்துவிடலாம். பருத்தியில் அதே நாற்றம் துவைத்தால் போகக்கூடியது. மக்கிய வாடையோடு கரும்புள்ளியும் இருந்தால் பூஞ்சணம் இழையையே தின்னத் தொடங்கியிருக்கிறது. வாடை மட்டும் இருந்தால் பெட்டிக்குள் கிடந்த வாடை. நோய் பற்றிய அச்சத்துக்கு இன்னும் தெளிவான விடை உண்டு. சொறிப் பூச்சி மனிதத் தோலை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்குமேல் பிழைக்காது; 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 நிமிடத்தில் மடியும். உடைப்பேன் ரத்தம் கிடைக்காமல் ஒரு வாரம் தாங்குவதே அரிது. படர்தாமரைப் பூஞ்சைதான் பிடிவாதமானது. அதற்கு 60 டிகிரி வேண்டும். வண்ணார் துறையின் வெள்ளாவி இதையெல்லாம் தாண்டிய சூடு. வீட்டில் கொதிநீர் ஊறல், வெயில், பருத்திக்குரிய சூட்டில் அயர்ன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். கொதிநீர் தாங்காத துணியென்றால் இரண்டு வாரம் தனியே கட்டிவைத்துப் பிறகு துவைப்பது பூச்சிக்கும் பேனுக்கும் போதும், பூஞ்சைக்குப் போதாது. ஆகவே உள்ளாடைகளையும் கொதிக்கவைக்க முடியாத சாக்ஸையும் பழையதாக வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்வதில் எந்த மூடநம்பிக்கையும் இல்லை.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரத்திலிருந்து வருகிறது, இதுவே வலுவானது. நல்ல துணியாக இருந்தால் ஏன் கழித்தார்கள்? அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து இந்தக் கேள்வியை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார். 2001இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அடிப்படையும் இதுதான். விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைந்த விலையே கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். பழைய துணிக்கு இந்த வாதம் இரண்டு இடத்தில் பொருந்தாமல் போகிறது. ஒன்று, காரை விற்பதற்குப் பெரும்பாலும் காரில் ஏதோ காரணம் இருக்கும்; துணியைக் கழிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கிறது. பிள்ளை வளர்ந்துவிடுகிறது, இடுப்பு பெருக்கிறது, பள்ளிச் சீருடை மாறுகிறது, கல்யாணத்துக்கு எடுத்த ஷெர்வானியை இரண்டாம் முறை போட வாய்ப்பே வருவதில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரின் மூட்டையில் விழுவதில் பாதி இப்படித்தான் வந்திருக்கும். இரண்டாவது, எஞ்சினைத் திறக்காமல் காரின் குறை தெரியாது. துணியில் திறக்க வேண்டிய எஞ்சினே இல்லை. உள்மடிப்பைப் புரட்டவும் வெளிச்சத்தில் பிடிக்கவும் தெரிந்தவருக்கு, விற்பவர் அறிந்ததைவிட அதிகமாகவே தெரியும். மூட்டையாக வாங்கி வந்த வியாபாரி ஒவ்வொரு துண்டையும் பிரித்துப் பார்த்திருக்கப்போவதில்லை. அகெர்லோஃப் சொன்ன அறிவு ஏற்றத்தாழ்வு இங்கே வாங்குபவர் பக்கம் சாய்கிறது. ஆனால் பார்க்கத் தெரியாதவர்களே நிறைந்த சந்தையில் அவர் சொன்னது அப்படியே பலிக்கும். நல்லதும் கெட்டதும் ஒரே விலையில் போகும்.

மூன்றாவதாக, நூற்றைம்பது ரூபாய்க்குப் புதுச் சட்டை கிடைக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். விலையைச் சட்டைக்குக் கணக்கிடாமல் சலவைக்குக் கணக்கிட்டால் விடை வேறாகிவிடும். 150 ரூபாய்ச் சட்டை 15 சலவையில் தொளதொளத்துப்போனால், ஒரு முறை உடுத்த 10 ரூபாய். 80 ரூபாய்க்கு எடுத்த திடமான பருத்திச் சட்டை இன்னும் 40 சலவை தாங்கினால், ஒரு முறைக்கு 2 ரூபாய். இது உதாரணக் கணக்குதான். ஆனால் இதில் தெரியாத எண்ணிக்கை எதுவென்று பாருங்கள். புதுச் சட்டையின் 15ஐ யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழைய சட்டையின் 40ஐ, காலரும் முழங்கையும் பார்த்து ஓரளவு மதிப்பிட முடியும். இறந்தவர் துணியாக இருந்தால் என்ன செய்வது, அடுத்தவர் கட்டியதை நாம் கட்டலாமா என்ற மனத்தயக்கத்துக்கு அறிவியலிடம் விடையில்லை; அதை மாற்றச் சொல்வதும் இந்தக் கட்டுரையின் வேலையில்லை. ஆனால் அக்காள் பாவாடை தங்கைக்கும், அண்ணன் சட்டை தம்பிக்கும், அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்கும் போவதை நம் வீடுகள் என்றும் குறையாக நினைத்ததில்லை. அங்கே துணியின் வரலாறு தெரியும் என்பதால்தான் தயக்கம் வருவதில்லை. சந்தையில் கிடைக்கும் துணிக்கும் வரலாறு உண்டு. அதைச் சொல்ல அக்காள் இல்லையே தவிர, துணியே சொல்லும்.

எல்லாவற்றையும் அது சொல்லிவிடாது. எத்தனை முறை பிளீச் செய்தார்கள் என்பதை இழுத்துப் பார்த்து ஊகிக்கலாமே ஒழிய எண்ணிவிட முடியாது. நீர்த்தடுப்பும் தீத்தடுப்பும்போலப் பூச்சை நம்பியிருக்கும் உடைகளில், மழைக்கோட்டு உட்பட, பழையதின் நிலையைக் கண் காட்டாது. அவற்றைப் புதிதாக வாங்குவதே நல்லது. மற்றபடி அன்றாடப் பருத்திக்கும் கலப்புத் துணிக்கும் ஒரு வரிசையை வைத்துக்கொள்ளலாம். மீட்க முடியாததை முதலில் தேடுங்கள்: இற்ற இழை, துருக்கறை, பூஞ்சணம், தளர்ந்த லைக்ரா, முறிந்த பட்டு மடிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைக் கீழே வையுங்கள், விலை எத்தனை குறைந்தாலும் சரி. அடுத்தது மீட்கக்கூடியவை: அறுந்த பட்டன், பிரிந்த தையல், உப்புப் பிசுபிசுப்பு, பெட்டி வாடை, பஞ்சுப் பந்து. இவை விலையைக் குறைத்துக் கேட்பதற்கான காரணங்கள். வாங்காமல் விடுவதற்கான காரணங்கள் அல்ல. பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்: பட்டன் போன நல்ல சட்டையை ஒதுக்கிவிட்டு, பிளீச்சில் பளபளக்கும் இற்ற சட்டையை வாங்கிப் போகிறார்கள். பழைய துணி தாங்குவதில்லை என்ற பேச்சில் பாதி இந்தத் தவறான தேர்விலிருந்து பிறந்ததே.